அடுத்த எண்ணைத் தட்டிப் பார்க்கலாமா?

இணையதளங்களின் பாதுகாப்பைச் சோதிப்பது என் தொழில். அது தெரிந்தவர்களிடமிருந்து அடிக்கடி வரும் செய்தி இது: "சார், இந்த லிங்க்கில் கடைசி எண்ணை மாற்றினால் வேற யாரோட ரிப்போர்ட்டோ வருது, பாருங்களேன்." கூடவே நாலைந்து ஸ்கிரீன்ஷாட். பெயர், வயது, கைப்பேசி எண், சர்க்கரை அளவு, சில சமயம் ஹெச்ஐவி பரிசோதனை முடிவுகூட மறைக்காமல் அப்படியே இருக்கும்.

அனுப்புகிறவர் கெட்டவர் இல்லை. பரிசோதனை நிலையம் எஸ்எம்எஸ்ஸில் அனுப்பிய லிங்க்கைத் திறந்திருப்பார். முகவரி 48213 என்று முடிந்தால் 48214 போட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கத்தான் செய்யும். லாகின் இல்லை, ஓடிபி இல்லை. கேட்ட கோப்பை சர்வர் எடுத்துக் கொடுக்கிறது. கேட்பவர் யார் என்று பார்ப்பதில்லை. தப்பு முழுக்க நிலையத்தின் மேல்தான்.

ஆனால் "பூட்டே இல்லையே, நான் எதை உடைத்தேன்?" என்ற வாதம் நம் ஊரில் செல்லாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 43-ஆம் பிரிவு, பூட்டு இருந்ததா என்று கேட்பதில்லை. உரிமையாளரின் அனுமதி இருந்ததா என்றுதான் கேட்கிறது. நகலெடுப்பதும் அதில் அடங்கும். அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்ததாக நிரூபணமானால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு குறை கண்டுபிடிப்பவருக்கென்று தனி விலக்கு கிடையாது.

2018-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 19 வயது இளைஞர் ஒருவர் அரசின் தகவல் உரிமைத் தளத்தில் இப்படியே எண்களை மாற்றி சுமார் 7,000 ஆவணங்களை இறக்கினார். எல்லாம் பொது ஆவணங்கள் என்றுதான் நினைத்திருந்தார். சுமார் 250-இல் தனிநபர் விவரங்கள் இருந்தன. போலீஸ் வீட்டைச் சோதனையிட்டு கம்ப்யூட்டர்களை அள்ளிக்கொண்டு போனது. அடுத்த மாதம் வழக்கைக் கைவிட்டது. ஒழுங்காகத் தளம் கட்டாத அரசு பையனைப் பிடித்தது அநியாயம் என்பதே என் கருத்து.

சரி, சட்டத்தை விடுங்கள். எனக்கு உறுத்துவது ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் அந்த ஆள். நீங்கள் வாட்ஸப்பில் அனுப்பியதும் அவருடைய ரிப்போர்ட் உங்கள் போனில், என் போனில், போதாக்குறைக்கு இரண்டு பேரின் பேக்கப்பிலும் உட்கார்ந்துவிடுகிறது. நிலையம் நாளைக்கே ஓட்டையை அடைத்தாலும் இந்தப் பிரதிகள் போகாது.

குறையைக் காட்ட அந்நியர் யாரும் தேவையே இல்லை. உங்கள் லிங்க்கை வேறொரு போனில் திறங்கள். எதுவும் கேட்காமல் திறக்கிறதா? வீட்டில் இன்னொருவரும் அங்கே ரத்தம் கொடுத்திருந்தால், அவர் சம்மதத்தோடு அவர் எண்ணைப் போட்டுப் பாருங்கள். இது போதும். தவறிப்போய் வேறொருவருடையது திறந்துவிட்டால் மூடிவிடுங்கள். மொத்தம் எத்தனை பேருடையது வெளியே கிடக்கிறது என்று எண்ணுவது நிலையத்தின் வேலை. யார் எதைத் திறந்தார்கள் என்று பதிவாகும் சர்வர் லாக் அவர்களிடம்தான் இருக்கிறது.

அப்புறம், நிலையத்துக்கு ஒரு மின்னஞ்சல்: எந்த முகவரி, எந்த நாள், எத்தனை மணி, எந்த எண்ணை மாற்றினீர்கள். நோயாளி பெயர் எதுவும் வேண்டாம். பதில் இல்லையென்றால், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு (CERT-In) அதையே அனுப்புங்கள். குறை கண்டுபிடிப்பவருக்கு நிலையமே பரிசு அறிவித்திருந்தால் ஒழிய, "கண்டுபிடித்ததற்கு எவ்வளவு தருவீர்கள்?" என்று மட்டும் அவர்களிடம் கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு வரி போதும், அவர்களின் வக்கீல் அதை மிரட்டல் கடிதமாகவே படிப்பார்.