புள்ளி குத்தும் பலகை

பாரிஸ் நகரில் 1780-களில் பார்வையற்ற குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கிய வாலந்தீன் ஹாய், சாதாரண ரோமன் எழுத்துகளையே தாளில் புடைக்கச் செய்து புத்தகங்கள் அச்சிட்டார். மாணவர்கள் அவற்றை விரலால் தடவி, சிரமப்பட்டாவது படித்தார்கள். ஆனால் படித்ததைத் தங்கள் கையால் எழுதி வைக்க எளிய வழி இல்லை. படிப்பில் பாதி அடைபட்டே கிடந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த அடைப்பைத் திறந்தவர், புள்ளிகளால் எழுதும் முறையை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் சார்ல் பார்பியே. அவருடைய கருவியில் மூன்றே பாகங்கள்: நீளவாக்கில் பள்ளக்கோடுகள் வெட்டிய பலகை, அதன்மேல் நகரும் சன்னல் வைத்த உலோகச் சட்டம், முனை மழுங்கிய குத்தூசி. பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே தடித்த தாளை வைத்து, சன்னலுக்குள் ஊசியை அழுத்தினால் தாள் பள்ளத்துக்குள் இறங்கும். பின்புறம் ஒரு மேடு எழும். அந்த மேடுதான் புள்ளி.

பார்பியேயின் குறியீட்டில் ஓர் ஒலிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை வந்தன. ஒரு விரல்நுனிக்குள் அவை அடங்கவில்லை. 1821-இல் இந்த முறையை அறிந்த அந்தப் பள்ளி மாணவர் லூயி பிரெய்ல், 1824-க்குள், பதினைந்து வயதில், அதை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். கருவியையோ தன் எழுத்துக்கேற்ப மாற்றி வைத்துக்கொண்டார். 1829-இல் வெளியிட்ட நூலில் பார்பியேக்கு நன்றியும் சொன்னார். பிரெய்லைக் கொண்டாடும் நாம் பார்பியேயை மறந்தது நியாயமே இல்லை.

புள்ளி தாளின் பின்புறத்தில் எழுவதால் ஒரு சிக்கல் உண்டு. தாளைத் திருப்பித்தான் படிக்க வேண்டும். திருப்பும்போது இடம் வலமாகிவிடும். அதனால் எழுதுபவர் வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல் புரட்டிக் குத்த வேண்டும். பிரெய்லின் ஆறு புள்ளிகளில் இடவரிசை மேலிருந்து கீழாக 1, 2, 3; வலவரிசை 4, 5, 6. இந்திய மொழிகளுக்கான பிரெய்ல் முறையான பாரதி பிரெய்லில், தமிழில் ‘ஏ’ என்பது 1, 5 ஆம் புள்ளிகள். ‘இ’ என்பது 2, 4. ஒன்றைப் புரட்டினால் மற்றொன்று! புரட்ட மறந்தால் ‘ஏ’ என்று குத்தியது ‘இ’ என்றுதான் விரலில் படும். இதைக் கையில் பழக்கிக்கொள்ளும் குழந்தைகளின் திறமை என்னை வியக்க வைக்கிறது.

பின்னர் பள்ளக்கோடுகள் போய், ஒவ்வொரு புள்ளிக்கும் தனிக்குழி வந்தது. புள்ளிகள் சீராக அமைந்தன. வேகம்தான் கூடவில்லை, ஏனென்றால் ஒரு குத்துக்கு ஒரு புள்ளிதான். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 1892-இல் ஃபிராங்க் ஹால் உருவாக்கிய பிரெய்ல் தட்டச்சுப்பொறி, ஆறு விசைகளால் ஓர் எழுத்தின் எல்லாப் புள்ளிகளையும் ஒரே அழுத்தில் பதித்தது. ஆனாலும் மின்சாரம் கேட்காத, பைக்குள் அடங்கும், விலை குறைந்த, சிலேட்டு எனப்படும் இந்தப் பலகையும் ஊசியும் இன்றும் பள்ளிகளில் புழக்கத்தில் இருக்கின்றன.