ரெண்டு நிமிஷம் தானே, பறக்க விட்டால் என்ன?

2024 ஜூலை நடுவில் ஒரு தம்பி போன் எடுத்தார். பாரிஸுக்கு வடக்கே செந்-தெனியில் ஒரு பதிவுத் திருமணம், படம் எடுப்பது அவர். "அண்ணா, பக்கத்தில் ஒரு பூங்கா இருக்கு. ரெண்டு நிமிஷம் ட்ரோனை மேலே ஏத்தி இறக்கினால் போதும். பிரச்சினை வருமா?"

வரும் என்றேன். ஒலிம்பிக் ஓட்டப் போட்டிகள் நடக்கவிருந்த ஸ்டாட் து பிரான்ஸ் அரங்கம் அதே ஊரில்தான் இருக்கிறது. அவர் மனதில் கல்யாணம் மட்டும்தான் இருந்தது. ஆனால் போட்டிப் பாதுகாப்புக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு அந்த மனது தெரியாதே. அவர் திரையில் தெரிவது ஒரு புள்ளி.

கொஞ்சம் கணக்குப் போடுங்கள். கல்யாணங்களில் நாங்கள் பயன்படுத்தும் சின்ன ட்ரோன் நொடிக்குச் சுமார் 15 மீட்டர் போகும். 2 கிலோமீட்டர் தள்ளி எழும்பினால் இரண்டேகால் நிமிடத்தில் அரங்கத்துக்கு மேலே நிற்கும். அதற்குள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும், யாருடையது, என்ன சுமக்கிறது என்று யோசிக்க வேண்டும், ஒரு முடிவும் எடுக்க வேண்டும். சுட்டு விழுத்தினால் கூட்டத்தின் தலையில்தான் விழும். அதனால் முதலில் ரேடியோ அலையை வைத்து ட்ரோனையும், அதை ஓட்டுபவர் நிற்கும் இடத்தையும் தேடுகிறார்கள். தேவைப்பட்டால் தொடர்பை முடக்குகிறார்கள். முடக்கப்பட்ட ட்ரோன் அந்தரத்தில் நிற்கலாம், கிளம்பிய இடத்துக்குத் திரும்பலாம், அப்படியே விழவும் செய்யலாம். ஆக, முடக்குவதிலும் ஆபத்து இருக்கிறது.

அந்த ஜூலை 23ஆம் தேதி, அப்போதைய பிரெஞ்சுப் பிரதமர் கபிரியேல் அத்தால், ஒலிம்பிக் இடங்களைச் சுற்றி ஒரு நாளைக்குச் சராசரியாக 6 ட்ரோன்கள் பிடிபடுவதாகச் சொன்னார். படம் எடுக்க ஆசைப்பட்ட சுற்றுலாப் பயணிகளும் அதில் இருக்கலாம் என்றார். எனக்குக் கவலை தருவது இந்த அப்பாவிகள்தான். ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு குழு ஓடுகிறது. அந்த நேரத்தில் உண்மையான ஆபத்து வந்தால்?

அதற்கு முதல் நாள்தான் செந்-எத்தியென் என்ற இன்னொரு பிரெஞ்சு நகரில் நியூசிலாந்துப் பெண்கள் கால்பந்து அணியின் பயிற்சிக்கு மேலே ஒரு ட்ரோன் பறந்தது. ஓட்டியவர் கனடா அணியின் ஊழியர். பிடிபட்டு, 8 மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை பெற்றார். கனடா அணி 6 புள்ளிகளை இழந்தது. ஆட்டத்தை வேவு பார்க்கத்தான் அனுப்பினார்கள், ஆனால் அதைத் தேடிப் போன பொலிசாருக்கு அது அப்போது எப்படித் தெரியும்?

26ஆம் தேதி தொடக்க விழா. மாலை 6.30 முதல் நள்ளிரவு வரை, பாரிஸைச் சுற்றி 150 கிலோமீட்டருக்கு வானத்தையே மூடினார்கள். பயணிகள் விமானமும் இல்லை. வானம் காலியாக இருந்தால் உள்ளே வரும் எதுவும் உடனே தனியாகத் தெரியும், அதுதான் காரணம்.

லண்டன் 2012 ஒலிம்பிக்கில் 17 மாடிக் குடியிருப்பின் கூரையில் ஏவுகணை வைத்தது பெரிய செய்தியானது. குடியிருந்தவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். ஒரு ஏவுகணையும் ஏவப்படவில்லை. அன்றாடம் வேலை செய்தது அறிவிப்புத்தான்: தடை வளையத்துக்குள் வரும் சிறு விமானம் பயணத் திட்டம் கொடுக்க வேண்டும், தனக்கான அடையாளக் குறியீட்டை ஒலிபரப்ப வேண்டும், கட்டுப்பாட்டாளரோடு ரேடியோவில் பேச வேண்டும். இந்த மூன்றையும் செய்தவர் யார் என்று தெரிந்துவிடும். மிச்சமிருப்பவரை மட்டும் தேடினால் போதும். மெதுவாகப் பறக்கும் சிறு விமானத்தின் பக்கத்தில் டைஃபூன் போர் விமானத்தால் ஒட்டிப் பறக்க முடியாது, அதனால் குறிபார்த்துச் சுடும் வீரர்களோடு ஹெலிகாப்டர்களும் தயாராக நின்றன.

சரி, நாம் செய்ய வேண்டியது? 2024இல் பிரான்ஸில் ஊருக்குள் பொது இடத்துக்கு மேலே ட்ரோன் விடுவது சாதாரண நாளிலேயே தடையாக இருந்தது. விட வேண்டுமென்றால் முன்கூட்டியே அதிகாரிகளை அணுக வேண்டும். தடைப் பகுதிக்குள் கவனக்குறைவால் பறந்தால்கூட 6 மாதச் சிறையும் 15,000 யூரோ அபராதமும் வரை போகலாம், தெரிந்தே செய்தால் ஒரு வருடமும் 45,000 யூரோவும். ட்ரோன் தடைப் பகுதிகளைக் காட்டும் பிரெஞ்சு அரசின் இணைய வரைபடத்தைப் பாருங்கள். அதோடு விடாமல், பறக்கும் அன்று காலையில் வான்வெளித் தடை பற்றிய தற்காலிக அறிவிப்புகளையும் பாருங்கள். போட்டி நாட்களின் தடை பெரும்பாலும் அவற்றில்தான் வரும். ட்ரோன் செயலி பச்சை காட்டுகிறது என்று நம்பிவிடாதீர்கள்.

தவறி உள்ளே போய்விட்டால் உடனே இறக்குங்கள், அங்கேயே நில்லுங்கள், வருபவர்களிடம் கருவியையும் அடையாள அட்டையையும் காட்டுங்கள். ஓடினால் உங்களைத் துரத்தவும் ஆள் தேவைப்படும்.

அந்தத் தம்பி கடைசியில் மாப்பிள்ளையின் மாமா வீட்டு நான்காம் மாடி பால்கனியிலிருந்து குடும்பப் படத்தை எடுத்தார். ட்ரோன் பையிலேயே இருந்தது.