வெண்பலகையும் வினாகிரிப் போத்தலும்

வெள்ளவத்தையில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் உயர்தர மாணவர்களுக்கு அலசன்கள் என்ற மூலகக் குடும்பம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். குளோரின் என்று பலகையில் எழுதி முடிக்கவில்லை, அடுத்த அறையிலிருந்து இருமல் கேட்டது. கூடவே நீச்சல் குளத்து நெடி. துப்புரவு செய்யும் அக்கா, வெண்பலகைக் கறை போகவில்லையென்று, குளோரின் வெளிற்றும் திரவத்தில் (பிளீச்) வினாகிரியை ஊற்றிக் கலக்கியிருந்தார். குளிரூட்டிய அறை, ஜன்னல்கள் எப்போதும் மூடியே கிடக்கும்.

அவரை வெளியே அழைத்துவந்து ஜன்னல்களைத் திறந்தோம். இருமல் மாலையில்தான் அடங்கியது. "இரண்டும் அழுக்கெடுக்கும் சாமான்தானே சேர், சேர்த்தால் இன்னும் நன்றாக எடுக்கும் என்று நினைத்தேன்" என்றார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். படித்த பெற்றோரே இதைத்தான் வீட்டில் செய்கிறார்கள்.

வெளிற்றும் திரவத்திலுள்ள சோடியம் ஐப்போகுளோரைற்று அமிலத்தைச் சந்தித்தால் குளோரின் வாயு கிளம்பும். வினாகிரி, தேசிக்காய்ச் சாறு, கழிவறை அமிலம் எதுவானாலும் அதே கதிதான். முதலாம் உலகப்போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் ஜெர்மன் படை திறந்துவிட்டதும் இந்த வாயுவைத்தான். அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானையும் அற்ககோலாலான ஸ்பிரிட்டையும்கூட அந்தத் திரவத்தோடு சேர்க்கக்கூடாது. யாராவது சுவாசித்துவிட்டால் உடனே திறந்தவெளிக்குக் கொண்டுவாருங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். சில மணி நேரம் கழித்தும் நிலைமை மோசமாகலாம்.

இத்தனைக்கும் அந்தக் கறைக்கு வெளிற்றியே தேவையில்லை. மார்க்கர் மையில் நிறப்பொருளும் பிசினும் இருக்கின்றன. விரைவில் ஆவியாகும் அற்ககோலில் அவை கலந்திருக்கின்றன. மை பலகையைப் பற்றிக்கொள்ளாதிருக்க எண்ணெய்த்தன்மையுள்ள ஒரு பொருளும் சேர்க்கிறார்கள். எழுதியதை நாள்கணக்கில் விட்டுவைத்தால் அந்தத் தடுப்பு பலிக்காமற் போகிறது. அற்ககோலில் கரைந்திருந்த மை அற்ககோலிலேயே மறுபடி கரையும். மருந்தகத்துச் சேர்ஜிகல் ஸ்பிரிட்டைப் பழைய பருத்தித் துணியில் நனைத்து, முதலில் ஒரு மூலையில் சோதித்துவிட்டுத் துடையுங்கள். பிறகு ஈரத்துணி, அதன்பின் உலர்ந்த துணி. அழியாத மார்க்கரால் யாரேனும் எழுதிவிட்டால், அதன்மேல் வெண்பலகை மார்க்கரால் தடவி, ஈரம் காயுமுன் துடைத்தால் இரண்டும் சேர்ந்தே வரும். மாணவர்களுக்கு இது மந்திரம்போலத் தெரிகிறது; நானும் மறுப்பதில்லை.

2020இல் வாங்கிக் குவித்த கைச்சுத்திகரிப்பு ஜெல் இன்னும் பல வகுப்பறைகளில் இருக்கிறது. அதுவும் கறையைக் கரைக்கும். ஆனால் கைக்கு இதமாகச் சேர்த்த கிளிசரின் பலகையில் படலமாகத் தங்கும்; ஈரத்துணியால் துடைக்காவிட்டால் அடுத்த நாள் எழுத்து வழுக்கும். வினாகிரி சவர்க்காரப் படலத்தை எடுக்கும், மையிடம் பெரிதாகப் பலிக்காது.

எனக்கு உண்மையில் கோபம் வருவது பற்பசை மீதும் அப்பச்சோடா மீதும்தான். இரண்டும் உரசித் தேய்க்கும் பொருள்கள். அன்றைக்குப் பலகை பளிச்சென்றிருக்கும். ஆனால் பலகையின் மெலமைன் என்ற பிளாஸ்டிக் பூச்சில் விழுந்த கீறல்களுக்குள் அடுத்த வாரமே மை புகுந்துவிடும், மறுபடி தேய்ப்போம், கீறல் பெருகும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் அப்படித்தான். நகப்பூச்சு நீக்கியிலுள்ள அசற்றோனும் வேண்டாம். உருக்குத் தகட்டின்மேல் எனாமலை உருக்கிப் பூசிய பலகை இவற்றைத் தாங்கும். நம் கல்வி நிலையங்களில் தொங்குபவை பெரும்பாலும் மலிவான மெலமைன். அன்றாடம் துடைக்க இளஞ்சூட்டு நீரில் இரண்டு துளி பாத்திரச் சவர்க்காரம் போதும். துணியை நன்றாகப் பிழியுங்கள், விளிம்பால் நீர் இறங்கினால் உள்ளிருக்கும் அட்டை ஊதிவிடும்.

ஸ்பிரிட் பற்றி ஒன்று. 70 சதவீத எதனோல் என்ற அற்ககோலின் ஆவி ஏறத்தாழ 17 பாகை செல்சியஸிலேயே தீப்பிடிக்கக்கூடியது. கொழும்பில் விடியற்காலையும் அதைவிட வெப்பமாகவே இருக்கும். நான் கற்பிக்கும் மண்டபத்தில் பலகைக்கு அருகே சரஸ்வதி படமும் விளக்கும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைகளில் பலகையைத் துடைத்து, காற்றோட்டம் விட்டு, ஸ்பிரிட் போத்தலை மூடி அலுமாரியில் வைத்த பிறகே அக்கா திரி ஏற்றுகிறார்.