சொல் விளக்கம்: கணவாய், சுரம், மலை இடைவெளி

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழியில் பள்ளியை முடித்துவிட்டுக் கல்லூரியில் புவியியல் எடுக்கும் பிள்ளைகளுக்கு முதல் ஆண்டிலேயே சொற்கள் மோதிக்கொள்ளும். மலைகளுக்கு இடையே உள்ள வழியை ஆங்கிலப் பாடநூல் 'பாஸ்' (pass) என்கிறது, 'கேப்' (gap) என்கிறது. மலையாளம் பேசும் தோழர்கள் 'சுரம்' என்பார்கள். பள்ளியில் படித்ததோ 'கணவாய்'.

'பாஸ்' என்பதன் வேர் இலத்தீனில் 'காலடி, எட்டு' என்ற பொருள் தரும் சொல். மலைத்தொடரைக் கடக்க உதவும் தாழ்வான வழி அது. 'கேப்' வடக்கு ஐரோப்பிய மொழியிலிருந்து வந்தது. பிளவு, வெற்றிடம் என்று பொருள். முன்னது வழியைக் குறிக்கிறது, பின்னது மலை இல்லாத இடத்தைக் குறிக்கிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் தமிழ்ச் சொல்லைத் தேர்வது எளிது.

கணவாய் திராவிட மொழிகளுக்குப் பொதுவான சொல். கன்னடத்தில் 'கணிவெ', தெலுங்கில் 'கனும'. 'வாய்' என்றால் திறப்புத்தானே என்று பிரித்துப் பொருள் சொல்ல ஆசை வரும். ஆனால் தெலுங்கு வடிவத்தில் வாய் இல்லை. ஆகவே அந்தப் பிரிப்பை முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டாம். கணவாய் மீனோடும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது சுரம். சங்கப் பாடல்களில் பாலைத் திணையைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் இந்தச் சொல் வரும். பொருள் தேடிப் பிரியும் தலைவன் கடக்கும் வறண்ட, கொடிய வழி அது. நிழலில்லை, நீரில்லை, வழிப்பறி செய்யும் ஆறலை கள்வர் பயம் வேறு. தமிழில் இந்தப் பொருள் மெல்லத் தேய்ந்து, இன்று சுரம் என்றால் காய்ச்சல்தான் நினைவுக்கு வருகிறது. அது வடமொழி 'ஜ்வர'விலிருந்து வந்த வேறு சொல். மலையாளமோ பழைய சுரத்தைக் கைவிடவில்லை. வறட்சி போய், கடத்தற்கரிய மலைவழி என்ற பொருள் நிலைத்துவிட்டது. ஒன்பது கொண்டை ஊசி வளைவுகளோடு வயநாட்டுக்கு ஏறும் தாமரச்சேரிச் சுரம் அதற்கு நல்ல சான்று. எல்லைப்புற மாணவர்கள் இதை அயல்மொழிச் சொல்லாக நினைத்து ஒதுக்குவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. நம் பாட்டன் சொல் அது.

இனி பாலக்காட்டுக்கு வருவோம். தமிழ்ப் புத்தகங்கள் 'பாலக்காட்டுக் கணவாய்' என்கின்றன. ஆனால் கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு வழியாகப் பேருந்தில் போனால் ஒரு கொண்டை ஊசி வளைவுகூடக் கிடையாது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, இரண்டும் 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்க, நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்த சமவெளி. ஆழத்துப் பாறைகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த தொன்மையான மண்டலம் இது. நலிந்த பாறையை அரிப்பு அகலப்படுத்தியது என்பது பரவலான விளக்கம். தென்மேற்குப் பருவக்காற்று இதன் வழியே பாய்ந்து வருவதால்தான் உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. 1862இல் முழுமையடைந்த சென்னை–பேப்பூர் ரயில் பாதையும் பெரிய மலையேற்றம் இல்லாமல் இதனூடே போனது.

ஆகவே 'பாஸ்' என்பதற்குக் கணவாய், 'கேப்' என்பதற்கு மலை இடைவெளி என்பதே சரி. பாலக்காட்டுக் கணவாய் என்ற பெயர் ஊறிப்போனது, அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் நிலத்தோற்றத்தை விவரித்து எழுதும்போது 'மலை இடைவெளி' என்று குறியுங்கள். தேனி மாவட்டக் கூடலூரிலிருந்து குமுளிக்கு ஏறும் வளைந்த மலைப்பாதை போன்றவற்றுக்குக் கணவாய் பொருந்தும், சுரமும் பொருந்தும்.

இதே வரிசையில் 'காட்' (ghat) என்ற சொல்லும் உண்டு. படித்துறை, மலைவழி என்ற பொருளில் வழங்கியதை ஐரோப்பியர் மலைத்தொடருக்கே பெயராக்கிவிட்டார்கள். 'மேற்குத் தொடர்ச்சி மலை' என்னும் தமிழ்ப் பெயர் வழியை விட்டுவிட்டு மலையையே நேராகச் சொல்கிறது.