சுற்றளவா, சுற்றரணா?

ஓர் இடத்தைச் சுற்றிலும் அமைக்கும் பாதுகாப்பை ஆங்கிலத்தில் 'பெரிமீட்டர் செக்யூரிட்டி' என்பார்கள். அதைத் தமிழில் 'சுற்றளவுப் பாதுகாப்பு' என்று எழுதுகிறார்கள். சொல்லுக்குச் சொல் பிழையில்லை: கிரேக்கத்தில் 'பெரி' சுற்றி, 'மெட்ரோன்' அளவு. ஆனால் தமிழில் சுற்றளவு வெறும் நீளம். நூல் பிடித்து அளக்கலாம். அதற்குக் காவல் போட முடியாது. ஆங்கிலத்திலும் அது வடிவியல் சொல்லாகத்தான் இருந்தது. பிறகு படையினர் அதை முகாமைச் சூழ்ந்த காப்பு வளையத்துக்குப் பெயராக்கினார்கள். பொருள் நகர்ந்த பின்னும் நாம் வேரையே மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம்.

'எல்லைப் பாதுகாப்பு' என்றால் நாட்டெல்லைப் படை நினைவுக்கு வந்துவிடும். 'காம்பவுண்டு' என்றே சொல்லிவிடலாமா? அது மலாய் மொழியின் 'கம்போங்' வழியாக வந்தது என்பார்கள். ஆங்கிலத்தில் அது சுவருக்குள் அடங்கிய வளாகம். நம் வாயில் சுவரே காம்பவுண்டு ஆகிவிட்டது. 'காம்பவுண்டு ஏறிக் குதித்தான்' என்றுதானே சொல்கிறோம்!

நம்மிடம் 'அரண்' இருக்கிறது. அரண்மனையில் இன்றும் வாழும் சொல். அதற்கு வள்ளுவர் கேட்பவை நான்கு: உயர்வு, அகலம், திண்மை, அருமை. இங்கே அருமை என்பது நெருங்க அரிதாயிருத்தல். அடுத்த குறளில் 'சிறுகாப்பின் பேரிடத்த தாகி' என்கிறார். உள்ளே இடம் பெரிதாக இருக்கவேண்டும், காக்கவேண்டிய இடமோ சிறிதாக இருக்கவேண்டும். பெரிய ஆலைகளில் வாயில்களைக் குறைத்து, காவலை அங்கே குவிப்பதும் இதே கணக்குத்தான். எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

இந்தியச் சட்டங்களிலும் இந்த இலக்கணம் தென்படுகிறது. திறந்தவெளித் துணைமின் நிலையத்துக்கு 1.8 மீட்டருக்குக் குறையாத வேலியோ, ஆள் நுழையாதபடி வேறு தடுப்போ வேண்டும் என்றன 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள். இது உயர்வு. 1923ஆம் ஆண்டின் அலுவல்சார் இரகசியங்கள் சட்டமோ அருமையைப் பேசுகிறது. நாட்டின் பாதுகாப்புக்குக் கேடான நோக்கத்தோடு 'தடைசெய்யப்பட்ட இடத்தை' நெருங்குவதே குற்றம். உள்ளே நுழைந்திருக்க வேண்டியதில்லை. படைத்தளங்கள் மட்டுமல்ல, மத்திய அரசு அரசிதழில் அறிவித்தால் ரயில் பாதையும் குடிநீர், மின்சார நிலையங்களும் அந்த வரையறைக்குள் வரும்.

கணினிக்கு வரும்போது 'சுற்றளவு' முற்றிலும் கைவிட்டுவிடுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70ஆம் பிரிவின்படி, 'பாதுகாக்கப்பட்ட அமைப்பு' என்று அறிவிக்கப்பட்ட கணினிக்குள் அனுமதியின்றி நுழைந்தால் 10 ஆண்டுவரை சிறை. அங்கே எதைச் சுற்றி நூல் பிடிப்பது? அரண் என்ற சொல்லுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அது கல்லாலும் ஆகலாம், காட்டாலும் நீராலும் ஆகலாம், கடவுச்சொல்லாலும் ஆகலாம்.

ஆகவே மதில், வேலி, கேமரா, உணர்கருவி எல்லாம் சேர்ந்த ஏற்பாட்டுக்குச் 'சுற்றரண்' என்றும், அதை ஆள் வைத்துக் காக்கும் வேலைக்குச் 'சுற்றுக்காவல்' என்றும் எழுதுகிறேன். ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பில் 'துணைமின் நிலையத்துக்குச் சுற்றரண் அமைத்தல்' என்று போட்டுப் பாருங்கள். வேலை எடுப்பவருக்கு என்ன கட்டவேண்டும் என்பது உடனே புரியும்.