மேடை அலங்காரம் நன்று

பழைய செய்தித்தாள்களின் கலை விமர்சனங்களைப் புரட்டினால் எல்லாரையும் பாராட்டியே எழுதியிருக்கிறார்களே, அந்தக் காலத்தில் மோசமான நிகழ்ச்சி ஒன்றுகூட நடக்கவில்லையா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நடக்காமல் என்ன? அவற்றைப் பற்றி எழுதியும் இருக்கிறார்கள். அந்த எழுத்தைப் படிக்கும் பழக்கம்தான் நம்மிடம் விட்டுப்போயிற்று.

பாராட்டுச் சொற்களின் கையிருப்பு எப்போதுமே சிறியது. அமெரிக்க ஆங்கிலப் பேச்சில் 686 பாராட்டுகளைத் திரட்டி ஆராய்ந்த ஜோன் மேன்ஸ், நெஸ்ஸா வுல்ஃப்சன் இருவரும், அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே வாக்கிய அமைப்பில் இருந்ததையும், பெயரடை வைத்துப் பாராட்டியவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஐந்தே சொற்களுக்குள் அடங்கியதையும் 1981இல் காட்டினார்கள். ஓயாமல் புழங்கும் சொல் தேயும். கிடைப்பதற்கு அரியது என்ற பொருளில் பிறந்த ‘அருமை’ இன்று எதற்கும் பொருந்துகிறது. அப்படியானால் தேய்ந்த சொற்களை வைத்துக்கொண்டு விமர்சகர் எப்படித் தரம் பிரித்தார்?

ஒரு பாட்டு நிகழ்ச்சியைப் பற்றிய குறிப்பு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: “மேடை அலங்காரம் கண்ணைக் கவர்ந்தது. பாடகர் குறித்த நேரத்தில் தொடங்கினார். பக்கவாத்தியக்காரர்கள் உறுதுணையாக இருந்தனர்.” மூன்றும் பாராட்டுகள்தாம், மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால், பாட்டைக் கேட்கப் போனவர் பாட்டைப் பற்றித்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்பது படிப்பவருக்குத் தெரியும். அவர் முழுக்க உட்கார்ந்து கேட்டார் என்பதும் தெரியும். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அலங்காரத்தைப் பேசுகிறார் என்றால், எழுத்தில் வைக்க விரும்பாத ஒன்று அவர் மனத்தில் இருக்கிறது என்று வாசகர் தாமே கணக்குப் போட்டுக்கொள்கிறார்.

தத்துவ அறிஞர் பால் கிரைஸ் 1967இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இந்தக் கணக்கைத்தான் விளக்கினார். தத்துவ ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்த மாணவரைப் பற்றி அவருடைய ஆசிரியர், “ஆங்கிலம் நன்றாக வரும், வகுப்புக்குத் தவறாமல் வருவார்” என்று மட்டும் பரிந்துரைக் கடிதம் எழுதினால், மாணவருக்குத் தத்துவம் வராது என்றுதான் பொருள். கடிதத்தில் குறையாக ஒரு சொல்லும் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அந்தப் பொருளை ஒரே வாக்கியத்தால் அழித்துவிடலாம் என்பதுதான். “மேடை அலங்காரம் கண்ணைக் கவர்ந்தது, பாட்டோ அதையும் மறக்கடித்தது” என்று சேர்த்துவிட்டால், முன்வாக்கியத்தில் ஓர் எழுத்தும் மாறாமலே அதன் குத்தல் மறைந்துவிடுகிறது. சொல்லின் நேர்ப்பொருளை இப்படி அழிக்க முடியாது, குறிப்புப்பொருளை அழிக்கலாம். அதனால்தான் பாடகர் சண்டைக்கு வந்தாலும் “நான் உங்களைக் குறைத்து ஒன்றும் எழுதவில்லையே” என்று விமர்சகர் கைவிரிக்க முடிந்தது.

நமக்கு இது புதிதன்று. பொருள் வெளிப்படையாகவும் தோன்றும், குறிப்பாகவும் தோன்றும் என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மனையில் இருக்கின்றன, அதியமானுடையவை நுனி சிதைந்து கொல்லன் களத்தில் கிடக்கின்றன என்று புறநானூற்றின் 95ஆம் பாட்டில் ஔவையார் சொல்கிறார். பளபளப்பைப் புகழ்ந்த அந்த வாயே, அவை போரைக் கண்டதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறது.

நல்ல சொல், கெட்ட சொல் என்று எண்ணிக் கூட்டும் கணினி நிரலிடம் மேற்கண்ட பாட்டு நிகழ்ச்சிக் குறிப்பைக் கொடுத்தால் அது முழு மதிப்பெண் போட்டுவிடும். பழைய தாள்களை மின்வடிவாக்கப் பணம் ஒதுக்குபவர்கள் பிரபலங்களைப் பற்றிய பக்கங்களை மட்டும் பொறுக்கியெடுப்பது எனக்கு உடன்பாடில்லை. அதே விமர்சகர் மற்ற நாள்களில் பாட்டுக்கு எத்தனை பத்தி ஒதுக்கினார் என்று பார்த்தால்தான், அன்று அலங்காரத்தோடு நிறுத்திக்கொண்டது எவ்வளவு பெரிய மௌனம் என்று அளக்க முடியும்.