பாஸ்போர்ட் டேட்டா: விதைக்கு எதற்குக் கடவுச்சீட்டு?

ஊர் ஊராகச் சேகரித்த விதைகளைக் காத்து வைக்கும் விதை வங்கிக்காரர்கள் பேச்சில் அடிக்கடி அடிபடும் சொல் 'பாஸ்போர்ட் டேட்டா'. முதல் தடவை கேட்டபோது, ஏதோ விதை விமானம் ஏறப் போகிறது என்றுதான் நினைத்தேன். விஷயம் அதுவல்ல. சேகரிக்கப் போனவர் ஒரு ஊரில் ஒரு படி சாமை வாங்குகிறார். துணிப்பையில் கொட்டி, வாயைக் கட்டி, ஓர் அட்டையில் நாலு வரி எழுதித் தொங்கவிடுகிறார். என்ன பயிர், எந்த ஊர், என்றைக்கு வாங்கியது, அந்த ஊரில் அதற்கு என்ன பேர். அந்த நாலு வரிதான் பாஸ்போர்ட் டேட்டா.

விதையைப் பற்றி வங்கியில் வேறு விவரங்களும் இருக்கும். பயிர் எவ்வளவு உயரம் வளரும், எத்தனை நாளில் கதிர் விடும், வறட்சி தாங்குமா என்பவை. இவை தொலைந்தால் பெரிய நஷ்டமில்லை, மறுபடி விதைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் எத்தனை தடவை விதைத்தாலும் சாமை தன் ஊரைச் சொல்லாது. அட்டை போனால் போனதுதான்.

சொல்லுக்கு வருவோம். பாஸ்போர்ட் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. முன்பாதிக்குக் கடந்து போவது என்று பொருள். பின்பாதியைத் துறைமுகம் என்பார்கள், கோட்டை வாயில் என்பாரும் உண்டு. எப்படியானாலும் காவல்காரனிடம் காட்டி உள்ளே போகிற தாள். தமிழில் 'கடவுச்சீட்டு' என்று வைத்தவர் கெட்டிக்காரர். கடவு என்றால் வழி, கடக்கும் இடம். இலங்கைத் தமிழர் 'பாதசாரிக் கடவை' என்று சொல்வதும் இந்த வேர்தான்.

மனிதருக்குப் பொருந்திய இந்தச் சொல் விதைக்குப் பொருந்தவில்லை. விதை நாட்டைக் கடக்க வேண்டுமானால் அதற்குத் தாவர சுகாதாரச் சான்றிதழ் என்று தனித் தாள் உண்டு. பாஸ்போர்ட் டேட்டாவைக் காட்டி எந்த விதையும் எந்த எல்லையையும் தாண்ட முடியாது. ஆங்கிலக்காரர் மனதில் இருந்தது கடக்கும் அனுமதி அல்ல, போட்டோ ஒட்டிய பக்கம்: பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம். ஆகவே 'கடவுச்சீட்டுத் தரவு' என்று சொல்லுக்குச் சொல் மாற்றுவது உவமையை விட்டுவிட்டு பாஸ்போர்ட்டின் மேலட்டையை மட்டும் மொழிபெயர்ப்பது. 'ஜாதகம்' என்று ஒரு நண்பர் சொன்னார். பிறந்த இடமும் நேரமும் அதில் இருக்கிறது, கேட்க நன்றாகவும் இருக்கிறது. ஆனால் ஜாதகம் வருங்காலம் சொல்லும், இது சொல்லாது.

எனக்குப் பிடித்தது 'ஊர்பேர் விவரம்'. முன்பின் தெரியாத ஆளை 'ஊர் பேர் தெரியாதவன்' என்கிறோம். ஊரும் பேரும் சேர்ந்தால்தான் ஆள். அட்டை இல்லாத விதையும் ஊர் பேர் தெரியாத விதைதான். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தாலும் ஏமாற்றிவிடும். கிருஷ்ணகிரியில் தோப்புத் தோப்பாகக் காய்க்கும் மாம்பழத்துக்கு 'பெங்களூரா' என்று பேர். தோத்தாபுரி என்பதும் கிளிமூக்கு என்பதும் அதேதான். பேரை மட்டும் எழுதிவைத்தால் பழம் பெங்களூருக்குப் போய்விடும்.

ஊர் என்பதும் அவ்வளவு சுலபமில்லை. என் பெரியப்பா வேளாண் வேலையில் இருந்தவர். அவருடைய பழைய நோட்டுகளைப் போன வருஷம் ஸ்கேன் செய்தேன். நீல மை பாதி வெளுத்த ஒரு பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'சாமை. களம். புதூர். 2/11/81.' தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் புதூருக்கா பஞ்சம்?

"இது எந்தப் புதூர், பெரியப்பா?"

"அஞ்செட்டி ரோட்டுல எறங்கி நடக்கணும்டா. அப்போ பஸ்ஸு உள்ள போகாது."

அவர் இருந்ததால் புதூர் பிழைத்தது. தேதி? நவம்பர் 2ஆ, பிப்ரவரி 11ஆ? ஆடியில் விதைத்த மானாவாரிச் சாமை ஐப்பசியில் களத்துக்கு வரும். ஆக நவம்பர். இதைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்காது, சாமை விதைத்தவருக்குத்தான் தெரியும்.

அப்புறம் மாவட்டம். 1965 வரை இந்தப் பக்கம் முழுக்கச் சேலம் ஜில்லா. பிறகு தருமபுரி. 2004ல் கிருஷ்ணகிரி பிரிந்தது. மாநிலத்தின் பேரே 1969ல்தான் தமிழ்நாடு ஆனது. ஆகவே தேன்கனிக்கோட்டையில் 1960ல் வாங்கிய ராகி 'சேலம், மெட்ராஸ்' என்றும், 1981ல் வாங்கியது 'தருமபுரி' என்றும், இன்று வாங்குவது 'கிருஷ்ணகிரி' என்றும் பதிவாகும். மூன்றும் சரி. திருத்துகிறேன் பேர்வழி என்று பழையதை அழிக்கக் கூடாது. நோட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டர் படிவத்தில் ஒரு கட்டத்தில் தட்டி, இன்றைய மாவட்டத்தைப் பக்கத்துக் கட்டத்தில் போட வேண்டும். ஊர் தெரியவில்லை என்று மாவட்டத் தலைநகரின் அட்சரேகையைப் போட்டு நிரப்புகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் சித்தேரி மலைச் சாமை தருமபுரி பஸ் ஸ்டாண்டில் விளைந்ததாகிவிடும். எத்தனை மீட்டர் பிசகலாம் என்று சொல்லத் தனிக் கட்டமே இருக்கிறது. அதை யாரும் நிரப்புவதில்லை என்பது என் மனக்குறை.

கட்டங்களைப் பொதுவாக்கும் வேலை 1997ல் நடந்தது. உலக உணவு வேளாண் அமைப்பும் பன்னாட்டுத் தாவர மரபணு வள நிறுவனமும் எல்லாப் பயிருக்கும் ஒரே பட்டியல் போட்டன. 2001, 2012, 2015 ஆண்டுகளில் திருத்தினார்கள். அதில் விதை எங்கே கிடைத்தது என்பதற்கு எண்கள் உண்டு. வயல் என்றால் 21, கொல்லைத் தோட்டம் 23, வீட்டுத் தானியச் சேமிப்பு 26, சந்தை 30. கதிரடிக்கும் களத்துக்கென்றே ஓர் எண்: 27. ரோமில் உட்கார்ந்து பட்டியல் போட்டவர்கள் களத்தை மறக்கவில்லை என்பதில் எனக்கு அநியாயச் சந்தோஷம். விதை எந்த வகை என்பதற்கு வேறு எண்கள், நாட்டு ரகத்துக்கு 300. வருஷம், மாதம், நாள் என்று தேதியையும் சேர்த்தால் பெரியப்பாவின் சாமை 27, 300, 19811102 ஆயிற்று.

இதோடு குழம்பக் கூடாத இன்னொரு சொல் 'அக்செஷன்'. நூலகத்தில் புத்தகத்துக்குப் போடும் சேர்க்கை எண் மாதிரி, வங்கி தன் கணக்குக்குப் போடும் எண். 'வரவு எண்' போதும். டெல்லியில் உள்ள தேசியத் தாவர மரபணு வளப் பணியகத்தில் உள்நாட்டு விதைக்கு 'ஐசி', வெளிநாட்டு விதைக்கு 'ஈசி' என்று அது தொடங்கும். ஒரே பை மூன்று வங்கிக்குப் பிரிந்து போனால் மூன்று வரவு எண் விழும். மூன்றும் ஒன்றே என்று காட்டுவது, சேகரித்தவர் வாங்கிய இடத்திலேயே பையில் எழுதிய எண். 1975க்கும் 1995க்கும் இடையில் உலகெங்கும் நடந்த சேகரிப்புப் பயணங்களில் 2 லட்சத்துக்கும் மேல் மாதிரிகள் இப்படித்தான் பல வங்கிகளுக்குச் சிதறின. அந்தப் பயணங்களின் நோட்டுகளை இப்போது ஸ்கேன் செய்து பொதுவில் வைப்பதற்கு இந்த எண்ணைத் தேடுவதும் ஒரு காரணம்.

எழுதும்போது: 'ஊர்பேர்' சேர்த்து, 'விவரம்' தனியாக. கட்டுரையில் முதல் தடவை மட்டும் 'பாஸ்போர்ட் டேட்டா' என்றும் சொல்லிவிடுங்கள். தேடுகிறவர்கள் அந்தப் பேரில்தான் தேடுவார்கள்.